டிக்கி மேல் இறங்கிய ஷட்டர்

அத்தியாயம் பதினான்கு

சனிக்கிழமை காலையில் சங்கீதாவை எழுப்பியது மண்ணெண்ணெய் வாடை.

ஆரணியில் பட்டு நெய்கிற வீடு அது. சாய வாடை வரும், கஞ்சி வாடை வரும். மண்ணெண்ணெய் வந்து வருஷக்கணக்கில் ஆகிறது. வாடை பின்பக்கத்திலிருந்து வந்தது. கொண்டையை முடிந்துகொண்டு அவள் எழுந்து போனாள்.

கார் நிற்கிற கொட்டகையில் ஷட்டர் பாதி ஏறியிருந்தது. அதன் அடிப்பட்டையை மாமியார் பரிமளா பழந்துணியால் தேய்த்துக்கொண்டிருந்தாள். துணியில் அரக்குச் சிவப்பு ஏறியிருந்தது. காரின் நிறம்.

"இன்னா அத்தை பண்றீங்க?"

"பெயிண்டு ஒட்டிகினு கீதும்மா. பின்தெருக்காரங்க பாத்தா ஆளுக்கு ஒண்ணு கேப்பாங்க."

"காபி குடிச்சீங்களா?"

"ஆவட்டும்."

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. தேய்த்த இடத்தையே திரும்பவும் தேய்த்தாள். ராத்திரி தூங்கினவள் மாதிரி தெரியவில்லை.

விஷயம் முந்தின நாள் சாயங்காலம் நடந்தது. வெள்ளிக்கிழமை, விளக்கு வைக்கிற நேரம். அந்த வீட்டில் விளக்கு ஏற்றுவதற்கு முன்னால் பின்வாசலைச் சாத்திவிட்டு முன்வாசலைத் திறந்து வைப்பார்கள். முன்வாசலில் வருகிற லட்சுமி பின்வாசல் வழியாகப் போய்விடக் கூடாது என்பது வழக்கம். கல்யாணமாகி வந்த நாள் முதல் பரிமளா இதைத் தவறவிட்டதில்லை.

முன்பு பின்வாசலில் மரக்கதவு இருந்தது. மகன் சதீஷ் கார் வாங்கியதும் அதை இடித்து அகலப்படுத்தி, கொட்டகை போட்டு, மோட்டார் வைத்த ஷட்டர் மாட்டினான். ரிமோட்டைப் பூஜை மாடத்துக்குப் பக்கத்தில் ஓர் ஆணியில் தொங்கவிட்டார்கள். அதிலிருந்து பரிமளா திரியைத் தூண்டிக்கொண்டே பின்வாசலைச் சாத்தப் பழகிவிட்டாள். மரக்கதவைப் பார்க்காமல் சாத்த முடியாது. பட்டனைப் பார்க்காமலே அமுக்கலாம்.

நேற்று அவள் அமுக்கியபோது காரின் டிக்கி திறந்திருந்தது.

கலசப்பாக்கத்தில் ஒரு கல்யாண வீடு. பெண்ணுக்கு முகூர்த்தப் புடவையும் வீட்டுப் பெண்களுக்கெல்லாம் பட்டும் எடுத்து வரச் சொல்லியிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை கொண்டுபோய்க் காட்ட வேண்டும். சங்கீதா ஒரு மூட்டையை டிக்கியில் வைத்துவிட்டு அடுத்த மூட்டைக்காக உள்ளே போயிருந்தாள். கொட்டகை காரின் நீளத்துக்குத்தான் இருந்தது. டிக்கியைத் தூக்கினால் அது ஷட்டர் இறங்குகிற இடத்தைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். ஷட்டர் நேராக அதன் மேல் இறங்கியது.

கண்ணாடி தப்பித்தது. கண்ணாடிக்குக் கீழே தகட்டில் குறுக்காகப் பள்ளம். பெயிண்ட் பெயர்ந்து வெள்ளையாகத் தெரிந்தது. டிக்கியை மூடினால் பூட்டுக்கொக்கி சேரவில்லை. கயிறு போட்டுக் கட்டி வைத்திருந்தார்கள்.

சாதாரணமாக இதற்கு இவ்வளவு யோசிக்க வேண்டியதில்லை. சதீஷ் ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை செய்கிறான். வாரத்தில் ஆறு நாள் அங்கே அறையில் தங்குவான், சனிக்கிழமை சாயங்காலம் வருவான். கார் சும்மாதானே நிற்கிறது என்று சங்கீதா அதை எடுத்துக்கொண்டு ஊர் ஊராகக் கல்யாண வீடுகளுக்குப் புடவை கொண்டுபோக ஆரம்பித்தாள். தேசூரில் அப்பாவின் டிராக்டரை ஓட்டிப் பழகிய கை. அவனுக்கு அது அவ்வளவாகப் பிடிக்கவில்லை. சாவியைக் கொடுக்கும்போதே சொல்லிவிட்டான்: "ஒரு கோடு உழுந்தா சாவி எங்கிட்ட வந்துடணும். அப்புறம் பேச்சே இல்ல."

இப்போது கோடு இல்லை, பள்ளமே விழுந்திருந்தது. அவன் சாயங்காலம் வந்துவிடுவான்.

பரிமளா துணியைச் சுருட்டி வாளிக்குள் போட்டாள்.

"அவன் வர்றதுக்குள்ள பட்டறைக்குக் கொண்டுபோயி சரி பண்ணிடலாம். ஜல்தியா கெளம்பு. நானும் வரேன்."

"நீங்களா? வண்டியிலயா?"

"ஏன், நான் ஏறினா வண்டி ஓடாதா?"

சங்கீதா ஓட்டுகிற காரில் பரிமளா இதுவரை ஏறியதில்லை. கோயிலுக்குக் கூப்பிட்டாலும் ஷேர் ஆட்டோவில்தான் போவாள்.

•

முன் கதவைத் திறந்துவிட்டாள் சங்கீதா. பரிமளா பின் சீட்டில் ஏறி, முட்டி போட்டுத் திரும்பி, டிக்கியின் கயிற்றைக் கையில் பிடித்துக்கொண்டாள்.

"கட்டிதான் கீது அத்தை. விடுங்க."

"குண்டு குழி ரோடு. வழியில தொறந்துக்கினா இன்னா பண்ணுவ?"

கடைத்தெரு வழியாகத்தான் போக வேண்டியிருந்தது. பின்னால் வருகிறவர்களுக்கெல்லாம் முகத்தைக் காட்டிக்கொண்டு பரிமளா போனாள். பைக்கில் வந்த ஒருவர் அடையாளம் கண்டு தலையை ஆட்டினார். அவளும் பெரிய மனுஷி மாதிரி தலையை ஆட்டினாள்.

"யாரு அத்தை?"

"நம்ம நூல் கடைக்காரரு. கையில கயிறு வச்சிகினு எங்க போறன்னு கேக்கறாரு போல."

"இன்னா சொன்னீங்க?"

"இன்னாத்த சொல்றது. கண்ணாடி மூடிகினு கீது."

சங்கீதாவுக்குச் சிரிப்பு வந்தது. கண்ணாடியில் பார்த்தாள். மாமியாரின் முதுகுதான் தெரிந்தது. அந்த முதுகு சிரிக்கவில்லை.

"நல்லாத்தான் ஓட்டுற," என்றாள் பரிமளா கொஞ்சம் தூரம் போனபின். பின்னால் போகிற ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

•

போளூர் போகிற ரோட்டில் முருகேசனின் டிங்கரிங் பட்டறை. தகரக் கூரை, வேப்பமரம், கழற்றிப்போட்ட கார்க் கதவுகள். முருகேசன் கயிற்றை அவிழ்த்து டிக்கியைத் தூக்கினார். கையை எடுத்ததும் அது மெல்லக் கீழே வந்தது.

"ஷட்டருங்களா?"

"எப்படிண்ணா தெரிஞ்சிது?" என்றாள் சங்கீதா.

"சுவத்துல இடிச்சா அடி கீழ இருந்து வரும். இது மேலேந்து வந்திருக்குது. ரிவர்ஸ்ல இடிச்சா பம்பர் தப்பிக்குமா? பாருங்க, பம்பர்ல தூசி கூடக் கலையல." அவர் பள்ளத்தைத் தடவினார். "எனக்கு இது புதுசு இல்லம்மா. இப்ப எல்லாரும் மோட்டார் போட்டுக்கறாங்க. டிக்கி தொறந்து கீதான்னு யாரு பாக்கறாங்க."

"சரி பண்ண முடியுமா?"

"பண்ணலாம். உள்பக்கத்து மூடியக் கழட்டி உள்ளேந்து தள்ளி பள்ளத்த எடுத்துடலாம். கீல் கொஞ்சம் கோணிகினு கீது, அத நேராக்கினாத்தான் பூட்டு விழும். தூக்கி நிறுத்தற கேஸ் ராடு ஒண்ணு போயிடுச்சி, அத மாத்தணும். அப்புறம் பள்ளத்த நெரப்ப பட்டி, அது மேல பிரைமர், பெயிண்டு."

"சாயங்காலத்துக்குள்ள எல்லாத்தையும் முடிச்சிடுப்பா," என்றாள் பரிமளா. "அடிபட்ட மாதிரியே தெரியக் கூடாது."

"பட்டி காயணும்மா. ஈரத்து மேல பெயிண்டு அடிச்சா இன்னிக்கு கண்ணாடி மாதிரி இருக்கும். ஒரு மழை பேஞ்சா உப்பிகினு வந்துடும்."

"மழை எப்ப வருது. நீ அடி."

"நீங்க ஈர நூலப் பாத்து சாயம் சரியாப் புடிச்சிருக்குதுன்னு சொல்லிடுவீங்களா?"

பரிமளா சொல்ல மாட்டாள். நூல் காய்ந்தபின்தான் நிறம் தெரியும் என்பது அவளுக்கு ஒருவர் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

"இன்னிக்கு பள்ளம் எடுத்து, பூட்டு சேத்து, பட்டி போட்டுத் தரேன். வண்டி தாராளமா ஓடும். செவ்வாக்கெழம கொண்டாங்க, பெயிண்டு அடிக்கலாம்," என்று முடித்துவிட்டார் முருகேசன்.

வேலை ஆரம்பித்தது. உள்பக்கத்துப் பிளாஸ்டிக் மூடியைக் கழற்றினார். வளைந்த கம்பியை உள்ளே விட்டு, வெளியே ஒரு கையை வைத்து, சின்னச் சுத்தியலால் மெல்ல மெல்லத் தட்டினார். ஓங்கி ஓர் அடிகூட அடிக்கவில்லை. ஒரே அடியில் தள்ளினால் தகடு வெளிப்பக்கம் புடைத்துக்கொள்ளும் என்றார். பள்ளம் ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டு வந்தது.

இரண்டு பெண்களும் வேப்பமரத்தடியில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். டீ வந்தது. பரிமளா குடிக்கவில்லை.

"முருகேசா."

"சொல்லுங்கம்மா."

"அது மேல ஆளு தலை பட்டிருந்தா?"

சுத்தியல் நின்றது. முருகேசன் அவளைப் பார்த்தார், பக்கத்தில் சங்கீதாவைப் பார்த்தார்.

"இரும்புத் தகடு இப்படி மடங்கியிருக்குதும்மா," என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பவும் தட்ட ஆரம்பித்தார்.

சங்கீதாவுக்கு அப்போதுதான் புரிந்தது. மாமியார் ராத்திரியெல்லாம் விழித்திருந்தது காருக்காக இல்லை.

"நான் உள்ள வந்துட்டேன் அத்தை."

"வந்துட்ட. அடுத்த மூட்டை டிக்கி பக்கத்துலயே இருந்திருந்தா? நீ குனிஞ்சி வச்சிகினு இருந்திருப்ப. நான் அங்க திரிய தூண்டிகினு கீறேன்." பரிமளா டீ டம்ளரைத் தரையில் வைத்தாள். "கத்தினியே, அத்தைன்னு. அந்த சத்தம் கேட்டப்ப எனக்குக் கார் நெனப்பே வரல."

மாமியார் வாயிலிருந்து இப்படி ஒரு பேச்சைச் சங்கீதா எதிர்பார்த்ததில்லை. ஆறிப்போன டீயை எடுத்து மாமியார் கையில் திரும்பக் கொடுத்தாள்.

"குடிங்க. காலையிலேந்து வயித்துல ஒண்ணுமில்ல."

பரிமளா குடித்தாள்.

"அவங்ககிட்ட இன்னா சொல்றது?" என்று கேட்டாள் சங்கீதா.

"இன்னா சொல்றது? நான் அமுக்கினேன்னு சொல்றேன். எம் புள்ளைக்கு நான் பயப்படணுமா?"

காலையில் பெயிண்டைத் துடைத்த அதே பரிமளாதான் இதைச் சொன்னாள்.

•

மத்தியானம் போல வீட்டுக்குத் திரும்பினார்கள். டிக்கி மூடியது, பூட்டியது. பள்ளம் இருந்த இடத்தில் சாம்பல் நிறத்தில் பட்டி ஒரு பெரிய தழும்பு மாதிரி இருந்தது.

உள்ளே தறியில் மாமனார் வீரபாகு உட்கார்ந்திருந்தார். எதிலும் வாய் கொடுக்காத மனுஷன். வண்டிச் சத்தம் கேட்டு, "ஆச்சா?" என்றார். "பெயிண்டு பாக்கி," என்றாள் பரிமளா. அவர் ஊடை இழை ஓட்டுகிற நாடாவைத் தள்ளினார்.

சங்கீதா காரைக் கொட்டகைக்குள் விட்டாள். இந்தத் தடவை முன்பக்கம் சுவரைத் தொட ஒரு கை இருக்கிற வரைக்கும் உள்ளே போனாள். முன்சக்கரத்துக்கு முன்னால் ஒரு செங்கல்லை வைத்தாள். பிறகு டிக்கியைத் தூக்கினாள். இப்போதும் நுனி வெளியே நீட்டியது, முன்னைவிடக் குறைவாக.

"இன்னும் வெளிய வருதே," என்றாள் பரிமளா.

"கொட்டகையே அவ்ளோதான் அத்தை. இனிமே டிக்கி தொறக்கணும்னா வண்டிய ரோட்டுல நிறுத்தித்தான் தொறக்கணும். இல்லன்னா ரிவர்ஸ்ல உள்ள விடணும். அப்ப டிக்கி உள்பக்கம் வந்துடும்."

"இத மொதல்லயே பண்ணியிருக்கலாமில்ல."

"பண்ணியிருக்கலாம்." சங்கீதா தலையைக் குனிந்துகொண்டாள். "முன்பக்கமா விட்டா ஜல்தியா முடிஞ்சிடுது. சோம்பேறித்தனம்."

பரிமளா உள்ளே போனாள். பூஜை மாடத்துப் பக்கம் ஏதோ பெயர்கிற சத்தம் கேட்டது. ஆணியோடு ரிமோட்டை எடுத்துக்கொண்டு வந்தாள். கொட்டகைச் சுவரில், காரின் பின்பக்கம் நன்றாகத் தெரிகிற இடத்தில் நின்று, அம்மிக் குழவியால் ஆணியை அடித்தாள். மாட்டினாள்.

"இனிமே இங்க வந்துதான் அமுக்கணும். வெளக்கு ரெண்டு நிமிசம் நிக்கட்டும். லட்சுமி ஒண்ணும் கோச்சிக்க மாட்டா."

•

பஸ் ஸ்டாண்டிலிருந்து சதீஷ் எப்போதும் பின்தெரு வழியாகத்தான் வருவான். அன்றும் அப்படித்தான் வந்தான். ஷட்டர் திறந்திருந்தது. வெயில் இன்னும் இருந்தது. சாம்பல் தழும்பு தூரத்திலேயே தெரிந்திருக்கும்.

தோள் பையைக் கழற்றாமலே நின்றான்.

"சங்கீதா."

அவள் வந்தாள். பின்னாலேயே பரிமளாவும்.

"எங்க இடிச்ச?"

"இடிக்கலீங்க."

"பின்ன இது இன்னா? வண்டி பவுடரு போட்டுகினு நிக்குதா?"

"நான்தான்டா இடிச்சேன்," என்றாள் பரிமளா.

சதீஷ் அம்மாவைப் பார்த்துச் சிரித்தான். "நீ எப்பம்மா வண்டி ஓட்ட ஆரம்பிச்ச?"

"ஷட்டர எறக்கினேன். டிக்கி தொறந்திருந்திச்சி. நான் பாக்கல."

"ஷட்டரு இடிக்காதும்மா." பையை இறக்கி வைத்தான். குழந்தைக்குச் சொல்கிற மாதிரி பொறுமையாகச் சொன்னான். "அடிப்பட்டையில ரப்பர் வச்சி அதுக்கு ஒயரு குடுத்திருக்குது. கீழ எது தட்டினாலும் தானா மேல ஏறிடும். நான் பக்கத்துல நின்னு போட வச்சேன். உனக்கு அவ சொல்லிக் குடுத்தாளா, இப்படி சொல்லுன்னு?"

"அவ எதுக்கு சொல்லிக் குடுக்கறா? பட்டையில பெயிண்டு ஒட்டிகினு இருந்திச்சே."

"எங்க, காட்டு."

மூன்று பேரும் ஷட்டரின் அடிப்பட்டையைப் பார்த்தார்கள். அது பளபளவென்று இருந்தது. அந்தக் கொட்டகையிலேயே அவ்வளவு சுத்தமான இடம் வேறு இல்லை. காலையில் விழுந்து விழுந்து தேய்த்தது பரிமளாவின் கைதான்.

"நான் தொடச்சிட்டேன்டா."

"சரிம்மா," என்றான் சதீஷ். அந்தச் சரி நம்பிக்கை இல்லாத சரி. பெண்டாட்டியின் பக்கம் கையை நீட்டினான். "சாவியக் குடு."

"நாளைக்குக் கலசப்பாக்கம் போகணுங்க. சொல்லி வச்சிருக்குது."

"பஸ்ல போ. ஒரு மூட்டைப் பொடவைக்குக் கார் எதுக்கு?"

சாவி சங்கீதாவின் கைக்குள் இருந்தது. அவள் விரலை மடக்கி வைத்துக்கொண்டாள். கலசப்பாக்கத்துக்குப் பஸ்ஸில் போகலாம். அதுக்கு அடுத்த ஊருக்கும் போகலாம். பிறகு மூட்டை கனக்கும், ஊர்கள் குறையும், ஒரு நாள் போவதே நின்றுவிடும். அவளுக்கு முன்னால் அந்தத் தெருவில் இரண்டு பேருக்கு அப்படித்தான் நின்றது.

"தரேன்," என்றாள். "ஆனா ஒண்ணு. கீழ எது இருந்தாலும் ஷட்டரு மேல ஏறிடும்னு சொன்னீங்க இல்ல?"

"ஆமா."

"எறக்கிக் காட்டுங்க. ஏறிடுச்சின்னா நான்தான் இடிச்சேன். சாவி உங்களுக்கு."

சதீஷுக்கு இந்த வேலை பிடித்துப்போயிற்று. தன் பையையே எடுத்து ஷட்டருக்குக் கீழே தரையில் வைத்தான். சுவரில் மாட்டியிருந்த ரிமோட்டை எடுத்தான். அது ஏன் அங்கே வந்தது என்று கேட்கவில்லை.

"பாத்துக்குங்க ரெண்டு பேரும்."

ஷட்டர் கடகடவென்று இறங்கியது. பையைத் தொட்டது. நிற்கவில்லை. பை அமுங்கியது, உள்ளே ஏதோ நெறிந்தது, பையின் ஜிப் பிய்ந்தது. சதீஷ் பட்டனைத் தேடி அமுக்குவதற்குள் டிபன் பாக்ஸ் தட்டையாகி ஒரு பக்கமாகப் பிதுங்கி வெளியே வந்திருந்தது.

அதற்கப்புறம்தான் ஷட்டர் திரும்ப மேலே ஏறியது.

சத்தம் கேட்டு வீரபாகு உள்ளேயிருந்து வந்தார். இறங்கி ஏறிய ஷட்டரையும் பையையும் பார்த்தார். முகம் மாறியது.

"நான் அந்த ஒயரப் புடுங்கிட்டேன்டா," என்றார்.

"எதுப்பா?"

"சாயம் போட்ட நூலு நெழல்லதான் காயணும். காத்தும் வேணும். நூல் சிட்டத்த கொம்புல மாட்டி, ஷட்டரப் பாதி எறக்கி வப்பேன். அது கொம்பத் தொட்டுட்டு தொட்டுட்டு மேல ஏறிக்குது. வெயில் அடிச்சி நூலு வெளுத்துப் போவுது. ஒரே பேஜாரு. அதான் ஒயரு ரெண்டையும் புடுங்கி சேத்து முறுக்கி வுட்டேன். ஏறல. சரியாப் போச்சின்னு நெனச்சேன்."

மோட்டார் பெட்டிக்குப் பக்கத்தில் இருந்த ஒயரை அவரே விரலால் காட்டினார். தறியில் அறுந்த பாவு இழையைப் பிணைக்கிற மாதிரி, முறுக்கு ஒரே சீராக, நுனி தெரியாமல் இருந்தது.

"ஏம்பா, எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

"நீ எங்கடா இருக்க, சொல்றதுக்கு?"

சதீஷ் ரிமோட்டை ஆணியில் மாட்டினான். சாவிக்கு நீட்டின கை இப்போது வெறுமனே தொங்கியது. பரிமளா அந்தக் கையைப் பார்த்தாள்.

"இப்பக் கேட்டுக்கோ. உங்கப்பா ஒயரப் புடுங்கினாரு. நான் பாக்காம அமுக்கினேன். இவ டிக்கியத் தொறந்து போட்டுட்டு உள்ள வந்தா. மூணு பேரும் சேந்துதான் உன் காரை இடிச்சோம். சாவிய மட்டும் ஏன் இவகிட்ட கேக்குற? எங்கிட்ட இன்னா வாங்கிக்கப் போற? அவருகிட்ட இன்னா வாங்கிக்கப் போற?"

"அம்மா..."

"இரு. இன்னும் ஒண்ணு கீது. உன் பைய பாத்தியா?" அவள் குரல் ஏறவில்லை. "நேத்து அந்த நேரத்துக்கு இவ அங்க குனிஞ்சிகினு இருந்திருந்தா, இன்னிக்கு நீ வண்டிய பத்தி பேசிகினு இருப்பியா?"

வீரபாகு கொட்டகைச் சுவரில் கையை ஊன்றிக்கொண்டார். அவருக்கு இது இப்போதுதான் உறைத்தது போலிருந்தது. மெயின் சுவிட்சை அணைத்தார். "எலக்ட்ரிசியன் வர்ற வரைக்கும் இத யாரும் தொடக் கூடாது. கைப்புடி போட்டு நானே ஏத்தி எறக்கறேன். நூல மாடியில காயவச்சிக்கலாம்," என்றார். மாடிக்கு நூலைத் தூக்கிப்போவது முட்டி வலிக்கிற அந்த மனுஷனுக்குச் சின்ன வேலை இல்லை.

சதீஷ் குனிந்து பையை எடுத்தான். டிபன் பாக்ஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு சங்கீதாவைப் பார்த்தான்.

"உனக்கு ஒண்ணும் படலையே?"

வந்ததிலிருந்து இதுவரை அவன் காரைப் பற்றித்தான் கேட்டிருந்தான்.

"இல்லீங்க."

"டிக்கி பூட்டுதா?"

"பூட்டுது. பெயிண்டு செவ்வாக்கெழம."

"ம்." கையைச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டான். "நாளைக்கு எத்தினி மணிக்குக் கெளம்பற?"

"சாப்ட்டுட்டு, பத்து மணி வாக்குல."

"சரி," என்றான். இந்தச் சரியில் முன்னே இருந்த சந்தேகம் இல்லை. ஆனால் வேறு ஏதோ இருந்தது. அவளைப் பார்க்காமல் சொன்னான்.

•

வீரபாகு கைப்பிடி போட்டு ஷட்டரை இறக்கியதும் பரிமளா முன்வாசலைத் திறந்து விளக்கேற்றினாள். வீட்டுக்குள் பேச்சு சாதாரணமாகிவிட்டது. வீரபாகு மாடியில் கொம்பு கட்ட இடம் பார்க்கப் போனார். சதீஷ் காபி குடித்தான். டிபன் பாக்ஸைக் காட்டி, "இதுக்கு முருகேசண்ணன் பட்டி போடுவாரா?" என்று கேட்டுச் சங்கீதாவைச் சிரிக்க வைத்தான். அவளுக்கு மனசு லேசானது. கலசப்பாக்கத்துக்குக் கொண்டுபோகிற புடவைகளை ஒருமுறை சரிபார்த்துவிடலாம் என்று எழுந்தாள்.

சதீஷின் போன் அடித்தது. பேரைப் பார்த்துவிட்டு எழுந்து முன்வாசல் வழியாக வெளியே போனான். சுற்றிப் போய்ப் பின்தெருவில் நின்று பேசினான்.

புடவை மூட்டைக்கு மேலே போர்த்துகிற துணி கொட்டகையில் இருந்தது. அதை எடுக்கத்தான் சங்கீதா போனாள். ஷட்டர் இறங்கியிருந்தது. அதன் இடுக்குகள் வழியாக அவன் குரல் தெளிவாகக் கேட்டது.

"வண்டி சூப்பரா கீது மச்சான். லேசா ஒரு அடி, பின்னாடி. அது ஒண்ணும் இல்ல, பெயிண்டு அடிச்சா தெரியாது... இல்ல இல்ல, ஷட்டருதான், இஞ்சினுக்கு ஒண்ணும் இல்ல... நீ காலையிலயே வந்துடு. எட்டு மணிக்குள்ள வா. ஓட்டிப் பாத்துட்டுப் புடிச்சிருந்தா எடுத்துகினு போ... வீட்டுல இன்னும் சொல்லல. அத நான் பாத்துக்கறேன். சாவி எங்கிட்டதான இருக்குது."

சங்கீதா அசையாமல் நின்றாள். அவன் தன்னிடம் இருப்பதாகச் சொன்ன சாவியின் பல் அவள் உள்ளங்கையில் அழுத்திக்கொண்டிருந்தது.

காரை விற்க என்ன அவசரம் வந்தது, எப்போது முடிவு செய்தான், ஏன் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று வெளியே போய்க் கேட்டுவிடலாம். கேட்டால் இன்றைக்கே சண்டை. சண்டை முடிகிறபோது சாவி யார் கையில் இருக்கும் என்று சொல்ல முடியாது. அவள் துணியை எடுத்துக்கொண்டு சத்தமில்லாமல் உள்ளே வந்தாள்.

பரிமளா சமையல்கட்டில் தோசை மாவைக் கரைத்துக்கொண்டிருந்தாள்.

"அத்தை, நாளைக்குப் பத்து மணிக்கு வேணாம். சீக்கிரமா கெளம்பிடலாம்னு பாக்கறேன்."

"ஏன், கல்யாண வீட்டுல சொன்னாங்களா?"

"இல்ல. எட்டு மணிக்கு வண்டியப் பாக்க ஆள் வருது."

பரிமளாவின் கை மாவில் நின்றது. பின்பக்கம் திரும்பிப் பார்த்தாள். மகன் இன்னும் போனில் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தது கேட்டது. மருமகளின் மூடிய கையைப் பார்த்தாள். கையைக் கழுவி முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

"அஞ்சு மணிக்கு காபி போட்டுடறேன்," என்றாள். "நானும் முன் சீட்டுல உக்காந்துக்கறேன்."